தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு, சாக்கடை எவ்வளவு? கேட்டவர்களுக்குப் பதில்

தண்ணீர் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு திருநெல்வேலியில், கொக்கிரகுளம் பக்கம். காலையில் நடக்கப் போகும்போது ஆற்று மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவது பழக்கமாகிவிட்டது. மாதம் ஒருமுறை நாலைந்து இடத்தில் தண்ணீரும் எடுக்கிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, நானும் மட்டம் குறிக்கலாம் என்று பார்க்கிறேன். எங்கள் பக்கம் அரசாங்க அளவுகோல் எதுவும் இல்லை. எதை வைத்துத் தொடங்குவது? (சேரன்மகாதேவி)

அளவுகோல் இல்லாவிட்டால் என்ன, படித்துறை இருக்கிறதே. மேல் படியிலிருந்து எண்ணுங்கள். தண்ணீர் தொடும் படி எத்தனையாவது என்று எழுதுங்கள். கீழிருந்து எண்ணாதீர்கள். அடிப்படிகள் மணலில் புதையும், வெள்ளம் வந்தால் திரும்பவும் வெளியே வரும், கணக்கு குழம்பிவிடும். முதல் நாளே ஒரு டேப் எடுத்துப்போய் ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். பழைய படித்துறைகளில் இரண்டு படி ஒரே உயரத்தில் இருந்தால் அதிசயம்.

படித்துறையும் இல்லையென்றால் பாலத் தூணில் ஏதாவது ஒரு கல் வரிசையை அடையாளம் வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் இதெல்லாம் புதிதில்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வாசலில் தண்ணீரா, மண்டபம் முங்கிவிட்டதா என்று கேட்டுத்தான் பெரியவர்கள் வெள்ளத்தை அளப்பார்கள். நல்ல அளவுகோல்தான் அது. ஆனால் வெள்ளத்துக்கு மட்டும்தான் உதவும். சித்திரை வெயிலில் ஆறு எவ்வளவு வற்றியது என்று அந்தக் கோயில் சொல்லாது. சாக்கடையைப் பார்க்க வேண்டுமானால் நமக்கு வேண்டியதோ அந்த வற்றின கணக்கு.

நேரத்தையும் கட்டாயம் எழுதுங்கள். வெள்ளம் வரும்போது அளக்கிறேன் என்று கரையில் இறங்காதீர்கள். மறுநாள் சுவரில் சேற்றுக் கோடு இருக்கும், அதை அளந்தால் போதும்.

பேப்பரில் ‘பாபநாசம் அணை நீர்மட்டம் 120 அடி’ என்று போடுகிறார்கள். அதை வைத்து நம் ஊர் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்ல முடியுமா சார்?

முடியாது. பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. அந்த எண்கள் அணைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. ஆற்றுக்கு எவ்வளவு விடுகிறார்கள் என்பது ‘வெளியேற்றம்’ என்று பக்கத்தில் சின்னதாக, கன அடியில் போட்டிருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். விநாடிக்கு ஒரு கன அடி என்றால் 28.3 லிட்டர். ஆயிரம் கன அடி என்றால் ஒவ்வொரு விநாடியும் 28,300 லிட்டர் போகிறது.

அதையும் அப்படியே நம்பிவிட முடியாது. நடுவில் அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியானில் ஆரம்பித்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு. அவற்றிலிருந்து கால்வாய்களுக்குத் தண்ணீர் பிரிந்துகொண்டே வரும். இன்னொரு பக்கம் மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு எல்லாம் வந்து சேரும். சிற்றாறு சேர்வது ஊரைத் தாண்டி, சீவலப்பேரியில். அதனால் மத்திய நீர்வள ஆணையம் அதற்கும் கீழே முறப்பநாட்டில் எடுக்கும் அளவில் சிற்றாற்றுத் தண்ணீரும் உண்டு. ஊருக்குள் வண்ணாரப்பேட்டையில் ஓடுவதும் முறப்பநாட்டில் ஓடுவதும் ஒன்றல்ல.

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் என் பழைய குறிப்புகளோடு எதுவும் ஒத்துவரவில்லை. அதே மட்டத்தில் தண்ணீர் குறைவாக ஓடுவது போல் தெரிகிறது. என் கண்ணில்தான் கோளாறா?

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. மாறியது ஆற்றின் அடி. அந்த 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மாதிரி வெள்ளம் ஓரிடத்தில் மணலைப் பறிக்கும், இன்னோரிடத்தில் குவிக்கும். உங்கள் துறையில் குவித்திருக்க வேண்டும். மணல் ஏறினால் குறைந்த தண்ணீரும் உயரமாகத் தெரியும். அரசாங்கத்துக்காரர்களும் பெரிய வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றின் குறுக்குவெட்டைத் திரும்ப அளந்துதான் மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள கணக்கைத் திருத்துவார்கள். நீங்கள் நோட்டில் ஒரு கோடு போட்டு ‘இதற்கு மேல் வெள்ளத்துக்கு முன், கீழே பின்’ என்று எழுதிவிடுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

எங்கள் தெருமுனையில் ஒரு ஓடை ஆற்றில் விழுகிறது. சாக்கடைதான், நாற்றமே சொல்கிறது. எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போட வழி உண்டா? கேட்டால் ‘கொஞ்சம்தான் வருகிறது’ என்று மழுப்புகிறார்கள். (மீனாட்சிபுரம்)

எனக்குப் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஓடையில் நேராக ஓடும் ஒரு மூன்று மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். அகலத்தையும், மூன்று இடத்தில் ஆழத்தையும் அளந்து சராசரி எடுங்கள். ஆரஞ்சுத் தோல் துண்டு ஒன்றை மேலே போட்டு, அது மூன்று மீட்டரைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். எலுமிச்சம்பழம் வேண்டாம், பாதிப் பழம் முங்கிவிடும். காய்ந்த இலையைக் காற்று தள்ளும். ஐந்து தடவை செய்யுங்கள். மேல்மட்ட வேகம் எப்போதும் கூடுதலாக இருக்கும் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும்.

உதாரணமாக அகலம் 60 சென்டிமீட்டர், ஆழம் 10, தோல் 10 விநாடியில் கடக்கிறது என்று வையுங்கள். வேகம் 0.3 மீட்டர், திருத்தினால் 0.255. பெருக்கினால் விநாடிக்கு 15 லிட்டர். கேட்கக் கொஞ்சம்தான். ஒரு நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள், 13 லட்சம் லிட்டர்! ஆனால் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை வீடுகளில் தண்ணீர் புழங்கும் நேரத்தில் ஓடுவது நள்ளிரவில் ஓடாது. அதனால் நாளில் நாலு முறையாவது அளந்து சராசரி போட்டால்தான் யாரும் மறுக்க முடியாது.

இனி ஆற்று மட்டத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்கலாம். சுத்திகரிக்காத சாக்கடையில் 100 மில்லியில் மலக்கிருமி பத்து லட்சத்துக்குக் குறையாது. இந்த 15 லிட்டர், ஆயிரம் கன அடி ஓடும் ஆற்றில் முழுக்கக் கலந்தால் ஏறக்குறைய 1,900 மடங்கு நீர்த்துப்போகும். 100 மில்லியில் 500 சொச்சம் மிஞ்சும். குளிக்கும் தண்ணீருக்கு விரும்பத்தக்க அளவு 500, அதிகபட்சம் 2,500. அதாவது வரம்புக்குள் வந்துவிடுகிறது. அதே ஆற்றில் கோடையில் நூறு கன அடி ஓடினால்? 190 மடங்குதான் நீர்க்கும். 5,300. ஓடை அதே ஓடை, சாக்கடை அதே சாக்கடை. ஒரு தாளில் ‘பாதுகாப்பானது’, இன்னொரு தாளில் ‘குளிக்க லாயக்கில்லை’.

அதனால்தான் மட்டம் எழுதாத தண்ணீர் மாதிரியை நான் பாதி மாதிரி என்று சொல்வேன். யாராவது ‘சோதித்தோம், நன்றாக இருக்கிறது’ என்றால், அன்றைக்கு ஆற்றில் எத்தனை கன அடி என்று திருப்பிக் கேளுங்கள். இதுவும் ஒரே ஓடையின் கணக்குதான், ஆற்றில் விழுவது ஒன்றல்ல. அதோடு சாக்கடை உடனே நடு ஆற்றுக்குப் போய்க் கலப்பதில்லை. கரையை ஒட்டியே வெகுதூரம் போகும், நாம் குளிக்கும் அதே கரையை ஒட்டி.

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. குளிக்கலாம்தானே?

தெளிவை வைத்துக் கிருமியைச் சொல்ல முடியாது. கலங்கலான மழைத்தண்ணீரில் குறைவாக இருக்கலாம், தெளிவான தண்ணீரில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். மலிவான வழி ஹெச்2எஸ் பாட்டில் என்ற சோதனைப் பாட்டில். தண்ணீரை ஊற்றி ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி இருக்கும்போது கறுத்துவிடும். ஆற்றுத்தண்ணீரில் அனேகமாகக் கறுக்கத்தான் செய்யும், பயந்துவிடாதீர்கள். எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்று ஊருக்கு மேலேயும் கீழேயும் ஒப்பிடுவதற்குத்தான் அது. எண்ணிக்கை வேண்டுமென்றால் ஆய்வகம்தான்.

நாங்கள் கல்லூரி மாணவிகள். கருப்பந்துறை பக்கம் மதியம் இரண்டு மணிக்கு ஆக்ஸிஜன் பார்த்தோம், லிட்டருக்கு 9 மில்லிகிராம் வந்தது. இன்னொரு குழு அதே இடத்தில் 3 என்கிறது. யார் தப்பு?

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். அவர்கள் விடியற்காலையில் எடுத்தார்களா என்று கேளுங்கள், அம்மா.

30 டிகிரி தண்ணீரில் இயல்பாகக் கரைந்து நிற்கக்கூடிய ஆக்ஸிஜன் சுமார் 7.5 மில்லிகிராம்தான். 9 வந்தால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். சாக்கடையின் சத்தைத் தின்று பாசி பெருகியிருக்கிறது. வெயிலில் அது ஆக்ஸிஜனைக் கக்கும், ராத்திரி முழுவதும் எல்லாமே சேர்ந்து உறிஞ்சும். சூரியன் உதிக்கும் முன்தான் மிகக் குறைவாக இருக்கும். மீன் மேலே வந்து வாயைப் பிளப்பதும் அப்போதுதான். குளிக்கும் தரத்துக்கு 5-க்குக் குறையக் கூடாது. பகலில் 9, விடியலில் 3 என்ற இந்த இறக்கமே உங்கள் கட்டுரைக்குப் போதும். இரண்டையும் ஒரே தாளில் போடுங்கள்.

பிஓடி (தண்ணீரில் உள்ள கழிவைத் தின்னக் கிருமிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன்) பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. நம் ஊர் ஆய்வகங்களில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பது வழக்கம். வெளிநாட்டுப் புத்தகங்களில் 20 டிகிரியில் ஐந்து நாள். எந்த முறை என்று பார்க்காமல் எண்களை ஒப்பிட வேண்டாம்.

மாதிரி எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒருமுறை வெள்ளக்கோயில் பக்கம் கிருமிச் சோதனைக்குத் தண்ணீர் எடுத்தேன். பாட்டில் கையிலிருந்து நழுவி, உட்புறம் சேறு ஒட்டியது. பக்கத்துக் குழாயில் அலசிவிட்டுத் திரும்ப எடுத்தேன். முடிவு, கிருமியே இல்லை! சாக்கடை வாய்க்குப் பத்தடி தள்ளி எடுத்த தண்ணீர். அலசின பாட்டிலில் எடுத்த மாதிரியை நம்ப முடியாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஆய்வகத்தில் இருந்தவனே இப்படி.

ஆகவே கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலைத் தவிர வேறு வேண்டாம், அதை அலசவும் வேண்டாம். ஓட்டம் வரும் திசையைப் பார்த்து நின்று, முழங்கை ஆழத்தில் திறந்து, கொஞ்சம் காற்று இடம் விட்டு மூடுங்கள். பிஓடிக்கு எடுப்பது தலைகீழ், காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து வெயிலில் ஊர் சுற்றினால், நீங்கள் சோதிப்பது டிக்கியைத்தான்.

அமலைச் செடி (ஆகாயத்தாமரை) கூடிக்கொண்டே போகிறது. அதுவும் சாக்கடையால்தானா?

பெரும்பாலும். தேங்கிய தண்ணீரும் சாக்கடைச் சத்தும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். ஆனால் அணைக்கட்டுக்கு மேலே ஓட்டம் நின்றாலே ஓரளவு வந்துவிடும். செடியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அடிச் சேற்றை ஒரு கை அள்ளிப் பாருங்கள். கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு, சிவப்புப் புழுக்கள் நெளிந்தால் அங்கே ரொம்ப நாளாகவே சாக்கடை படிகிறது.

மழை பெய்தால் ஆறு கழுவிக்கொண்டு போய்விடாதா?

இரண்டாவது மழை கழுவும். முதல் மழை கெடுக்கும். கோடை முழுக்க ஓடைகளில் படிந்த கசடு மொத்தமும் அன்றைக்குத்தான் ஆற்றுக்கு வருகிறது. மீன் செத்து மிதப்பதும் பெரும்பாலும் அந்த நாளில்தான்.

குடிநீருக்கும் இதே ஆறுதானே? பயமாக இருக்கிறது.

இதே ஆறுதான். தூத்துக்குடி வரை இதைத்தான் குடிக்கிறார்கள். ஆனால் உறைகிணறுகளில் ஊறி வருவது மணலில் வடிந்த தண்ணீர், அதற்குப் பிறகு குளோரினும் சேர்க்கிறார்கள். வீட்டில் கொதிக்கவைத்துக் குடியுங்கள். மணலை அள்ளிவிட்டால் அந்த வடிகட்டியும் இல்லை என்பது தனிக் கதை.

இவ்வளவு எழுதிவைத்து என்ன புண்ணியம் அண்ணாச்சி? யார் கேட்கப் போகிறார்கள்?

நானும் ஒரு அலுவலகத்தில் நோட்டை நீட்டி, ‘வைத்துவிட்டுப் போங்க’ என்ற பதிலோடு திரும்பியவன்தான். ஆனால் இந்தச் சாக்கடை விஷயம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், 2024-ல் நீதிபதிகளே ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தார்கள். அந்த மாதிரி இடத்தில் ‘நாறுகிறது’ என்றால் நிற்காது. தேதி, நேரம், படி எண், லிட்டர் என்றால் நிற்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த மாதிரிகளின் முடிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் தர வேண்டும். கேட்கும்போது மாதிரி எடுத்த நேரத்தையும் அன்றைய நீர் வெளியேற்றத்தையும் சேர்த்துக் கேளுங்கள். வந்ததும் உங்கள் நோட்டோடு வைத்துப் பாருங்கள்.

தாத்தா, நான் ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டுப் பக்கத்துப் படித்துறையில் இன்றைக்குத் தண்ணீர் பதினாலாவது படியைத் தொடுகிறது. காலை ஆறே முக்காலுக்குப் பார்த்தேன். இது போதுமா?

நேரம் எழுதினாய் பார், அதற்கே சபாஷ். ஒன்றை மட்டும் சொல். மேலிருந்து எண்ணினாயா, கீழிருந்து எண்ணினாயா?