குடித்தது ஆபீஸுக்கே தெரியும், நிறுத்தியதைச் சொல்லலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் இன்சார்ஜ். போன ஆடியில் ஒரு மாதம் சிகிச்சை மையத்தில் தங்கிக் குடியை நிறுத்தினேன். கம்பெனியில் மஞ்சள் காமாலை என்று சொல்லித்தான் லீவு எடுத்தேன். எட்டு மாதமாக ஒரு சொட்டு தொடவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் இயக்கம்) கூட்டத்துக்குப் போக ஷிஃப்ட் மாற்றிக் கேட்கிறேன், புதிதாக வந்த மேனேஜர் ஏன் ஏன் என்று குடைகிறார். அடுத்த மாதம் டீமோடு பாண்டிச்சேரி டூர் வேறு. உண்மையைச் சொல்லிவிடலாமா? "வாயைத் திறக்காதீங்க" என்கிறாள் மனைவி. "ஒளிச்சு வெச்சா மறுபடி குடிச்சிடுவ" என்கிறார் கூட்டத்து நண்பர்.
– பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: முதலில் என் கதை ஒன்று. நான் நிறுத்தி 19 வருடம் ஆகிறது. அப்போது ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். சிகிச்சை முடிந்து திரும்பியபோது எல்லோரிடமும் சர்க்கரை, அட்மிட் ஆகியிருந்தேன் என்று சொல்லி வைத்தேன். யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன். மூன்று மாதம் கழித்து ஒருநாள் காலையில் கேட் வாட்ச்மேன் பதிவேட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே, "என்ன சார், இப்பல்லாம் உங்ககிட்ட ஹால்ஸ் வாசனையே வர்றதில்லை?" என்றார். சிரிக்கவில்லை, குத்தலாகவும் கேட்கவில்லை. வருடக்கணக்காக வாசனையை மறைக்கிறேன் என்று சட்டைப் பையில் அந்த மிட்டாயைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன், அந்த மிட்டாய் வாசனைதான் என்னைக் காட்டிக்கொடுத்த அடையாளம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

உங்கள் ஷிஃப்டிலும் இப்படித்தான் இருக்கும். திங்கட்கிழமை லீவுகள், கை நடுக்கம், மதியம் கேன்டீனில் எல்லோரையும் விட்டுத் தள்ளி உட்கார்ந்தது எதுவும் ரகசியமாக இருந்திருக்காது. நீங்கள் பொத்திப் பொத்தி வைத்திருப்பது குடித்த கதையை அல்ல, நிறுத்திய கதையை. அதனால் சொன்னால் மானம் போய்விடும் என்ற பயத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். போக வேண்டியது முன்பே போயிருக்கும், இப்போது திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

அதற்காக மைக் பிடித்து அறிவிக்கச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீர்கள். யாருக்கு இது தெரிந்தால் உங்களுக்கு உதவியோ அவருக்குச் சொன்னால் போதும். உங்கள் விஷயத்தில் இரண்டே பேர்.

ஒருவர் ஷிஃப்ட் மாற்றிக் கொடுக்கிற அந்த மேனேஜர். தனியாக, ஐந்து நிமிடம் போதும். "சார், எனக்குக் குடிப்பழக்கம் இருந்தது, சிகிச்சை எடுத்து எட்டு மாதமாகக் குடிப்பதில்லை. செவ்வாய்க்கிழமை கூட்டம் அந்தச் சிகிச்சையின் தொடர்ச்சி, அதற்குத்தான் ஷிஃப்ட் கேட்கிறேன். இது உங்களோடு இருக்கட்டும்." இவ்வளவுதான். எத்தனை குவார்ட்டர் அடித்தீர்கள், வீட்டில் என்ன நடந்தது, நகை எங்கே போனது, யார் யாரோடு குடித்தீர்கள், இதெல்லாம் அவருக்கு எதற்கு? கடைசி விஷயத்தில் ரொம்பக் கவனம். கூடக் குடித்தவர் பெயரைச் சொன்னால் அது அவரைப் போட்டுக்கொடுப்பதுதான்.

ஆனால் ஒன்று. இந்த மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இன்னொருவரின் ரகசியத்தை டீக்கடையில் உங்களிடமே சொன்ன ஆளென்றால் அவரிடம் சொல்லாதீர்கள். "டாக்டர் சொன்ன ஃபாலோ-அப் சார், வாரம் ஒரு நாள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் பொய்யில்லை.

இரண்டாவது ஆள் உங்களோடு வேலை பார்க்கும் ஒருவர். குடிக்காதவராகவோ, குடித்தாலும் அடுத்தவனை வற்புறுத்தாதவராகவோ இருக்க வேண்டும். பார்ட்டியில் யாராவது கிளாஸை நீட்டும்போது "அவருக்கு வேணாம், எனக்கு ஊத்து" என்று குறுக்கே வர ஒரு ஆள் இருந்தால் பாதிச் சுமை குறையும்.

மஞ்சள் காமாலைப் பொய்யைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நம் ஊரில் சிகிச்சைக்குப் போனவர்களில் எத்தனை பேர் காமாலைக்காரர்களாகத் திரும்பியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் கீழாநெல்லி தட்டுப்பாடு வந்துவிடும். சொன்னது சொன்னதாக இருக்கட்டும், போய்த் திருத்த வேண்டாம். ஆனால் இனி அதன் மேல் கட்டாதீர்கள். காமாலை ஆறுகிற வியாதி. "அதான் சரியாயிடுச்சே, ஒரு பீர்ல என்ன ஆகப்போகுது" என்று ஒருவன் கேட்பான், உங்களிடம் பதில் இருக்காது. "நான் குடிக்கிறதில்லை" என்று சொல்லிப் பழகுங்கள். காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் எதிர்வாதம் வைத்திருப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்பதற்குள் சேர்த்திருக்கிறது. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை விவரத்தை டாக்டரும் சிகிச்சை தருகிற மற்ற மருத்துவப் பணியாளர்களும் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. டாக்டரைக் கட்டுப்படுத்துகிற அந்தப் பிரிவு பக்கத்து சீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது, அது வேறு விஷயம். மெடிக்கல் சர்டிபிகேட்டில் எஃப்10 என்று ஒரு குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். நோய்களின் சர்வதேசப் பட்டியலில் அது மதுவால் வரும் பாதிப்புகளுக்கான எண். எச்.ஆரில் யாராவது கூகுளில் தட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். உள்நோயாளியாக இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இருந்தார், வேலைக்குத் திரும்பத் தகுதியானவர் என்று மட்டும் எழுதித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மறைக்கவே கூடாது. கிரேனோ ஃபோர்க்லிஃப்டோ பிரஸ் மெஷினோ உங்கள் கையில் இருந்து, தூக்கம் வரவழைக்கிற மாத்திரை ஏதாவது நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்றால் கம்பெனி டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அங்கே போவது உங்கள் விரல் மட்டும் இல்லை. டைசல்ஃபிரம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற) மாத்திரை எடுப்பவராக இருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சளிக்குக் கொடுக்கிற சில இருமல் மருந்துகளில் ஆல்கஹால் உண்டு, அந்த மாத்திரையோடு அது சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, நீங்கள் குடித்துவிட்டு வந்ததாகவே எல்லோரும் நினைப்பார்கள்.

உங்கள் ஏ.ஏ. நண்பர் சொன்னதில் பாதி சரி. ஒளித்து வைப்பது ஆபத்துதான், ஆனால் உங்களிடம்தான் ஏற்கெனவே ஒளிக்காத ஒரு இடம் இருக்கிறதே, செவ்வாய்க்கிழமை. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து ஆரம்பித்த அந்த இயக்கத்தின் பெயரிலேயே பெயர் சொல்லாமை இருப்பது சும்மா இல்லை. உங்கள் கதையை நீங்கள் யாரிடமும் சொல்லலாம். கூட்டத்தில் யாரைப் பார்த்தீர்கள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது. அங்கே உங்கள் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தால், மறுநாள் கேன்டீனில் கண்ணால்கூடக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

பாண்டிச்சேரியா? இந்த வருடம் போகாதீர்கள். எட்டு மாதம் பெரிய விஷயம், ஆனால் மூன்று பேர் தங்கும் ரூமில் இரண்டு பேர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும்போது ராத்திரி பதினோரு மணிக்கு நீங்கள் எங்கே போவீர்கள்? கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம், கால் எலும்பு கூடுகிறவரை யாரும் ஓட்டப் பந்தயத்துக்குப் போவதில்லை. அந்த வாரம் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி போய்விட்டும் வாருங்கள்.

கேள்வி: சென்னை, ஐ.டி. கம்பெனி, வயது 33. நானும் நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. எங்கள் டீமில் ஒருவர் தான் குடியை விட்டதை எல்லோர் முன்னாலும் சொன்னார், கைதட்டினார்கள். நானும் சொல்லலாமா என்று ஆசையாக இருக்கிறது. நான் பெண்.
– ஊர் பெயர் மட்டும் போடுங்கள்

பதில்: அந்தக் கடைசி இரண்டு சொல்லை நீங்கள் எழுதிய விதத்திலேயே பதிலும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆண் சொன்னால் "பாவம், திருந்திட்டான்" என்பார்கள். பெண் சொன்னால் "இவ குடிப்பாளா?" என்றுதான் தொடங்குவார்கள், அந்த "குடிப்பாளா"வுக்குப் பின்னால் இன்னும் நாலு கேள்வி வரிசையில் நிற்கும். அது நியாயமா என்றால் இல்லை. ஓசூர்க்காரருக்கு இரண்டு பேரிடம் சொல்லச் சொன்னேன், உங்களுக்கு அந்தக் கணக்கைக்கூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைதட்டு ஒரு நிமிடம், மறுநாளிலிருந்து அந்த பில்டிங்கில் இருக்கப் போவது நீங்கள். ஆசை தீராவிட்டால் முதலில் ஏ.ஏ. கூட்டத்தில், பெண்கள் இருக்கிற கூட்டமாகப் பார்த்து, சொல்லிப் பாருங்கள். சொல்ல வேண்டும் என்ற அந்த அரிப்பில் பாதி அங்கேயே அடங்கும். மீதி இருந்தால், அப்போது யோசிக்கலாம்.

கம்பெனி ஏற்பாடு செய்த கவுன்சிலர் இருந்தால், முதல் நாளே நேராகக் கேளுங்கள்: நான் பேசுவதில் எது கம்பெனிக்குப் போகும்? அவர் இழுத்தால் வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். ஆபீஸ் பாலிசியில் கிளெய்ம் போடலாமே என்று போட்டுவிடாதீர்கள். குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை பெரும்பாலான பாலிசிகளில் விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது. பணமும் வராது, காகிதம் மட்டும் எச்.ஆர். மேஜை வரை ஒரு சுற்று வந்துவிடும். பாலிசியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: சிவகாசியில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். என்னிடம் 15 வருடமாக இருக்கும் பைண்டர் குடியை விட்டு நாலு மாதம் ஆகிறது. மற்ற பசங்க கேலி செய்கிறார்கள். ஆயுத பூஜை அன்று எல்லோர் முன்னாலும் அவருக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று இருக்கிறேன். சம்பளத்தை அவர் மனைவி கையில் கொடுத்துவிடலாமா?
– அச்சக உரிமையாளர்

பதில்: நல்ல மனசு முதலாளி, ஆனால் பொன்னாடை வேண்டாம். அவர் என்றைக்காவது சறுக்கினால், அந்தப் பொன்னாடையைச் சொல்லியே பசங்க அவரைக் கொன்றுவிடுவார்கள். சொல்வதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவர் விஷயத்தை அவருக்கு முன்னால் நீங்கள் சொல்லக் கூடாது, நல்ல விஷயமாக இருந்தாலும்தான். கேலி செய்கிறவனைத் தனியாகக் கூப்பிட்டு "நிறுத்து" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிரசங்கம் வேண்டாம்.

சம்பளத்தை மனைவியிடம் கொடுப்பது அவர் கேட்டால் மட்டும். கேட்காமல் செய்தால் 15 வருட வேலைக்காரரைச் சின்னப் பையனாக்குவதுதான். உங்கள் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம்தானே சம்பளம், குடிக்கிற ஆளுக்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. பேங்கில் போடட்டுமா, திங்கட்கிழமை வாங்கிக்கொள்கிறீர்களா என்று அவரிடமே கேளுங்கள். நானே அப்படிக் கேட்டு வாங்கியிருக்கிறேன், முதலாளி ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் குடித்துவிட்டு வந்தால் கட்டிங் மெஷின் பக்கம் விடாதீர்கள், அன்று வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மறுநாள் பேசுங்கள். அது ஒருநாளோடு நிற்காமல் தொடர்ந்து குடிக்க ஆரம்பித்துவிட்டால், "இன்னைக்கே நிறுத்திடறேன்" என்று அவரே வைராக்கியமாகச் சொன்னாலும் தனியாக விட வேண்டாம். தொடர்ந்து குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆள் தெரிவது, புரியாமல் பேசுவது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446க்கு அடியுங்கள், போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச எண்.

ஆயுத பூஜை இரவு பசங்களுக்குப் பாட்டில் வாங்கிக் கொடுக்கிற பழக்கம் உங்கள் அச்சகத்தில் உண்டா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த வருடம் அதை எல்லோருக்குமே பிரியாணியாக மாற்றிவிடுங்கள். ஏன் என்று கேட்டால் பேப்பர் விலை ஏறிவிட்டது, அவ்வளவுதான் பட்ஜெட் என்று சொல்லுங்கள், பைண்டர் பெயர் வாயில் வரக் கூடாது.