மார்கழிக் குளிருக்கு காரை சூடாக்கணுமா?

கேள்வி: அண்ணன், எங்கட்ட விட்ஸ் கார் ஒண்டு கிடக்கு. மழைக்காலம் வந்தா அப்பா விடிய ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிசம் முத்தத்தில விட்டுட்டுத்தான் ஏற விடுவார். கனடால மச்சானும் அப்பிடித்தானாம். தையில நுவரெலியா போற யோசனையும் இருக்கு. இது தேவையா?
- வாசகர், கல்லடி

பதில்: தம்பி, அப்பா சொல்றது அவர் அந்தக் காலத்தில ஓடின காருக்கு சரி. காபரேட்டர் (பெற்றோலையும் காத்தையும் கலக்கிற பழைய சாமான்) வண்டியில, பெற்றோலைக் கூட்டுற சோக்கை இழுத்து கொஞ்ச நேரம் விடாட்டி குலுங்கி நிண்டுரும், குளிர்ல பெற்றோல் லேசில ஆவியாகாது. உங்கட விட்ஸ் பெற்றோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் வண்டி, எஞ்சினைக் குளிராக்க ஓடுற கூலண்ட் எவ்வளவு சூடு எண்டு சென்சர் ஒண்டு பாத்துச் சொல்ல கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும், அதாலதான் விடிய ஸ்டார்ட் பண்ணின உடனே ஆர்பிஎம் (எஞ்சின் சுத்துற வேகம்) ஏறி நிண்டு மறுகா மெல்ல இறங்குறது. மட்டக்களப்பில மார்கழி விடியலெண்டாலும் 22, 23 டிகிரி. நமக்குத்தான் போர்வை தேவை, எஞ்சினுக்கு அது குளிரே இல்ல.

மச்சான்ட கதை வேற. அங்க மைனஸ் 20ல கண்ணாடியில ஐஸ் உருகணும், சில பேர் இரவே எஞ்சின் ஹீட்டரை கரண்ட்ல செருகிட்டுத்தான் படுப்பாங்க.

நிண்ட இடத்தில ஓட விட்டா எஞ்சின் சூடாக கனநேரம் எடுக்கும். அதுவரைக்கும் கூடப் போற பெற்றோல் முழுசா எரியாம சிலிண்டர் சுவரில இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழ இறங்கும், தினமும் இப்பிடி விடுற சில வண்டியில ஒயில் அளவு பாக்கிற டிப்ஸ்டிக்கை இழுத்து மணந்தா பெற்றோல் மணக்கும். ஸ்டார்ட் பண்ணி பெல்ட் போட்டு கண்ணாடியைச் சரி பண்ற அரை நிமிசம் காணும். மறுகா மீட்டரில எஞ்சின் இன்னும் சூடாகல்ல எண்டு காட்டுற நீல லைட் நூருமட்டும் மெதுவா ஓடுங்க, கல்லடிப் பாலம் தாண்டுமட்டும் அமத்தி மிதிக்க வேணாம். சிலர் நிண்ட இடத்திலயே விர்ர் விர்ரெண்டு ரேஸ் பண்றாங்க, அதைவிடக் கூடாத வேலை இல்ல.

நுவரெலியாவில தை மாச விடியல் 10 டிகிரிக்கும் கீழ போகும். அங்கயும் ஒரு நிமிசத்துக்கு மேல வேணாம், ஆனா ரூம்ல இருந்து வெளிக்கிட்ட உடனே ஏத்தத்தில இழுக்காம பாருங்க. எனக்கெண்டா பயம் பெற்றரியிலதான், இஞ்ச எப்பிடியோ ஸ்டார்ட்டாகிற பழைய பெற்றரி அங்க விடிய 'டிக் டிக்' எண்டு நிண்டுரும், செங்கலடியால பதுளை ரோட்டில ஏற முதல் செக் பண்ணிருங்க. கண்ணாடி புகார் பிடிச்சா ஏசியைப் போடுங்க. டீசல் வேன்ல போறதெண்டா சுருள் மாதிரி இருக்கிற ஹீட்டர் லைட் நூந்த பிறகுதான் செல்ஃப் அடிக்கணும்.

அப்பா கேக்கமாட்டார் எண்டு தெரியும். முத்தத்தில விட்டா பெற்றோலும் ஒயிலும்தான் நட்டம், ஷட்டர் போட்ட கராஜுக்குள்ள மட்டும் ஒரு நிமிசமும் ஸ்டார்ட்ல விட வேணாம், கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்ல நிறமும் இல்ல.