கறுப்பு அடித்த வண்டியின் அடியில் என்ன இருக்கிறது?

மழை ஓய்ந்ததும் பழைய ஜீப், மாருதி ஜிப்சி வாங்க நினைப்பவர்களின் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் எட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 1997-ஆம் ஆண்டு ஜிப்சி கிங், புதுச்சேரிப் பதிவு. அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு அடித்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியையும் கொடுத்து எடுக்கலாமா? (கடலூர் முதுநகர்)

பதில்: முன்பணம் கொடுப்பதற்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

விற்பதற்குச் சற்று முன்னால் அடிப்பாகத்தில் அடிக்கப்படும் அந்தக் கறுப்பின் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. நம்முடையது கடற்கரை ஊர். உப்புக்காற்று வண்டியைக் கீழிருந்துதான் தின்னும். ஜிப்சியின் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், பெட்டி போல மூடிய அமைப்பு; உள்ளே போன மணலும் ஈரமும் வெளியே வராது, துரு உள்ளிருந்தே பரவும். அதைச் சுரண்டி எடுத்து, தகடு வைத்து, வெல்டிங் செய்து, பிறகு பூசினால் அது பராமரிப்பு. துருவின் மேலேயே கறுப்பை அடித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தால் அது மோசடி. அவ்வளவு சொன்னால் போதாது, உயிரோடு விளையாடும் மோசடி.

2009-இல் வில்லியனூர் பக்கம் நான் ஒரு மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் வாங்கினேன். அன்று மழை பெய்து தரை சேறாக இருந்தது. அடியில் கறுப்புப் பளபளத்தது. நான் கீழே படுக்கவில்லை. ஏழு மாதம் கழித்து, கெடிலம் ஆற்றோர மண்பாதையில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் இடம் சேசிஸோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. வண்டி சாய்ந்து பக்கத்தில் இருந்த என் மைத்துனரின் கை முறிந்தது. பிய்ந்த இடத்தைப் பார்த்தால், கறுப்புப் பூச்சுக்கு அடியில் இரும்பே இல்லை. துருச் செதிலும், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியும்தான் இருந்தன. விற்றவர் போனை எடுக்கவில்லை. அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்பு வண்டியை ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் தூக்கி நிறுத்துங்கள். ஸ்பிரிங் பொருத்தியிருக்கும் நான்கு மூலைகளையும், பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதியையும், பாடி சேசிஸில் உட்காரும் இடங்களையும் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். செத்த இரும்பு பொத்தென்று கேட்கும். பாடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பட்டி தடித்த இடத்தில் ஒட்டாது. இருக்கையைக் கழற்றி, போல்ட் துளைகளில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. விற்பவர் தூக்கிப் பார்க்க விடவில்லை என்றால் பத்தாயிரத்தைக் கைகழுவிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. 1997 வண்டிக்குப் பதிவு 2012-இலேயே முடிந்திருக்கும். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்திருக்க வேண்டும். ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், அந்தத் தேதியைப் பாருங்கள். 20 ஆண்டு தாண்டிய இலகுரக வாகனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் இப்போது 10,000 ரூபாய். புதுச்சேரி எண்ணோடு கடலூரில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டவும் முடியாது. தடையின்மைச் சான்று வாங்கித் தமிழ்நாட்டு வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். பேசிய விலையோடு இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஜிப்சியில் டீசல் என்ஜின் மாற்றியிருக்கிறார்கள். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே இருக்கிறது. மைலேஜ் நன்றாக வருகிறதாம். வாங்கலாமா? (நெய்வேலி)

பதில்: வாங்காதீர்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுக்கு முன்பு என் ஜீப்பை ஒரு தரகரிடம் விற்றேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, வாங்குபவர் பெயரை எழுதாமலேயே கொடுத்துவிட்டேன். இப்போது யாரோ ஓட்டி விபத்து. நஷ்டஈட்டு வழக்கில் என் பெயருக்குச் சம்மன் வந்திருக்கிறது. இரவில் தூக்கமில்லை. (லாஸ்பேட்டை)

பதில்: ஐயா, முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் நம்பிக் கொடுத்தீர்கள், அவர் உங்களை ஏமாற்றினார். ஆனால் சம்மனை அலட்சியப்படுத்தாதீர்கள். வண்டியை விற்றுவிட்டேன் என்று வாயால் சொல்வதால் பொறுப்பு நீங்காது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கிலும் வண்டி பலர் கை மாறியிருந்தது.

இப்போது செய்ய வேண்டியது: விபத்து நடந்த நாளில் வண்டிக்குக் காப்பீடு நடப்பில் இருந்ததா என்று கண்டுபிடியுங்கள். இருந்தால் உங்கள் சுமையில் பெரும்பகுதி இறங்கிவிடும். பணம் வந்த வங்கிக் கணக்குப் பதிவு, ஒப்படைப்புச் சீட்டு, தரகரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். தரகரையும் வண்டியை வைத்திருப்பவரையும் வழக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு: விற்றவர் பதினான்கு நாளுக்குள்ளும் வாங்கியவர் முப்பது நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. தரகர் மாற்றிக்கொள்வார் என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை மணலில் ஜீப் ஓட்டிப் பழகலாமா? டயர் காற்றை எவ்வளவு குறைக்க வேண்டும்? (மஞ்சக்குப்பம்)

பதில்: கூடாது. சனவரியிலிருந்து நம் கரையில் பங்குனி ஆமைகள் ஏறி வந்து மணலுக்குள் முட்டையிடுகின்றன. சக்கரம் ஏறினால் அந்தக் குழி போயிற்று. மனிதர்கள் உட்கார்ந்து காற்று வாங்கும் இடமும் அதுதான்.

கேள்வி: இணையத்தில் ஒரு ஜிப்சி விளம்பரம். விற்பவர் தன்னை ராணுவத்தில் இருப்பவர் என்றும், இடமாற்றம் வந்ததால் அவசரமாகத் தருவதாகவும் சொன்னார். அடையாள அட்டைப் படம் அனுப்பினார். வண்டியை லாரியில் ஏற்ற என்று என் மகன் மூன்று தவணையாக 38,000 ரூபாய் அனுப்பிவிட்டான். இப்போது எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அவன் சாப்பிடாமல் இருக்கிறான். (நெல்லிக்குப்பம்)

பதில்: அம்மா, இதைப் படித்த உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அனுப்பிய நேரம், பரிவர்த்தனை எண் மூன்றும் கையில் இருக்கட்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் அந்தப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு இருக்கிறது. வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள்.

உங்கள் மகனைத் திட்டாதீர்கள். சீருடைக்கு நம் வீடுகளில் இருக்கும் மரியாதையைத் திருடித்தான் இந்தக் கும்பல் பிழைக்கிறது. ராணுவத்திலிருந்து கழித்த ஜிப்சி உண்மையிலேயே ஏலத்தில் வருகிறது என்பதால் கதை நம்பும்படியாகவும் இருக்கிறது. வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது என்று அவன் இனி நூறு பேருக்குச் சொல்வான். முதலில் அவனைச் சாப்பிட வையுங்கள்.

கேள்வி: ஹரியானாவின் டப்வாலியில் கட்டிய ஜீப். பார்க்க அசத்துகிறது, விலை பாதிதான். ஆர்.சி.யும் இருக்கிறது என்கிறார். பண்ருட்டிக்குக் கொண்டுவந்து பதியலாமா? (பண்ருட்டி)

பதில்: ஆர்.சி. எந்த வண்டிக்கு? டப்வாலியில் பழைய உதிரிகளையும் புதுத் தகட்டையும் சேர்த்து ஜீப் கட்டுவது பல காலமாக நடக்கும் தொழில். கைவேலையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கோ செத்துப்போன ஒரு ஜீப்பின் ஆர்.சி.யை எடுத்து, அதன் எண்ணைப் புது சேசிஸில் அடித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சில் தேய்த்து எடுக்கும் அச்சில் எழுத்து கோணலாக இருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் ஓடிய தடம் தெரிந்தாலோ, உங்கள் ஜீப் காவல் நிலைய வாசலில் நின்று மழையில் நனையும். பாதி விலை என்பதே உங்களுக்கு ஒரு கேள்வியை எழுப்பியிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்பதற்கு முன்பு விற்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: தாத்தாவின் 1964-ஆம் ஆண்டு சி.ஜே. 3பி ஜீப். ஓடும் நிலையில் இருக்கிறது, எதையும் மாற்றவில்லை. ஆர்.சி. காலாவதி. பழைய இரும்புக்குக் கேட்கிறார்கள். (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: கொடுக்காதீர்கள்! உயரமான என்ஜினை மூடுவதற்காகவே பானெட்டை உயர்த்திக் கட்டிய வண்டி அது. அந்த முகத்தைத் தெருவில் பார்த்தால் நான் நின்றுவிடுவேன். ஐம்பது ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாமல், வணிகத்துக்கு ஓடாத வண்டிகளுக்கென்று 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும், பத்து ஆண்டு செல்லும். அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பராமரிப்பு, எரிபொருள் போன்ற காரணங்களுக்கு எடுக்கலாம். அன்றாடம் ஓட்டத்தான் ஆசை என்றால் வழக்கமான புதுப்பிப்பே உங்களுக்குச் சரி. எந்த வழியானாலும் தாத்தாவிடமிருந்து உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை முதலில் முடியுங்கள். வாரிசுச் சான்று தேவைப்படும். பெட்ரோல் குழாய்களை எல்லாம் புதிதாக மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் வரும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை அந்தக் காலத்து ரப்பர் தாங்காது; கசிந்து சூடான என்ஜின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும்.

கேள்வி: பட்டறையில் டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் கியர்ப் பெட்டி) பிரித்துப் புதுப் பேரிங் போட்டதாக 27,000 ரூபாய் வாங்கினார்கள். இரண்டே மாதத்தில் மறுபடி இரைச்சல். வேறொரு மெக்கானிக் பிரித்துப் பார்த்தால் பழைய பேரிங். பில் இல்லை, துண்டுச்சீட்டில் தொகை மட்டும். என்ன செய்வது? (அரியாங்குப்பம்)

பதில்: துண்டுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், போனில் பணம் அனுப்பிய பதிவு இருந்தால் அதுவும் சாட்சி. பிரித்த பேரிங்கைத் தூக்கி எறியாதீர்கள். புகைப்படம் எடுத்து, இரண்டாவது மெக்கானிக்கிடம் எழுத்தில் ஒரு குறிப்பு வாங்குங்கள். பட்டறைக்குப் பதிவுத் தபாலில் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது; வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. அதற்கு முன்பு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் பாருங்கள், சில பட்டறைகள் அதற்கே இறங்கிவரும்.

அந்தப் பட்டறைக்காரர் ஏமாற்றியது பணத்தில் மட்டுமல்ல. பழைய வண்டியை வைத்திருப்பவன் ஒரு நல்ல கையை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியை எடுக்கிறான். புது பேரிங் போட்டு முடித்ததும் கியர் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள், எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். பிறகு மாதம் ஒரு முறையாவது மண்பாதையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்கள். தார்ச்சாலையில் போடாதீர்கள், மறுபடி 27,000 ஆகும்.