ஆட்டிசம் உள்ள சில இசைக்கலைஞர்கள் கேட்டதும் அப்படியே வாசிப்பது எப்படி?

ஆட்டிசம் ஒரு நோய் அல்ல. மூளை வேறு விதமாக வளர்வது. பேசிப் பழகுவது கடினமாகலாம், ஒலிகள் மிகக் கூர்மையாகக் கேட்கலாம். இவர்களில் சிலருக்குச் சுருதிப்பெட்டி எதுவும் இல்லாமலே, காதில் விழுந்த ஒலி பியானோவின் எந்தக் கட்டை என்று தெரிந்துவிடும். சிவப்பைப் பார்த்ததும், வேறு நிறத்தோடு ஒப்பிடாமலே சிவப்பு என்கிறோமே, அதுபோல. ஆட்டிசம் உள்ள பலரின் கவனம் மொத்தப் பாட்டைவிடத் தனித்தனி ஒலிகளில் நிற்பதே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆட்டிசம் உள்ள இங்கிலாந்துப் பியானோ கலைஞர் டெரெக் பராவிசினியைப் பாருங்கள். 1979-இல் குறைமாதத்தில் பிறந்தவர். பார்வை கிடையாது, கடுமையான கற்றல் குறைபாடும் உண்டு. சிறுவயதில் முழங்கையால்கூடப் பியானோவை அடித்து, கேட்ட இசையைக் கொண்டுவருவார். ஆசிரியர் ஆடம் ஒக்கல்ஃபோர்டு பல ஆண்டுகள் பொறுமையாக விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தார். (இந்த உழைப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.) ஒன்பது வயதில் லண்டன் பார்பிகன் அரங்கில் இசைக்குழுவோடு வாசித்தார்.

ஆட்டிசம் இருந்தாலே இசைமேதை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஆட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இப்படிப்பட்ட அசாதாரணத் திறன் இருப்பதில்லை.