நோட்டை ஏன் வாங்கினீர்கள், தம்பி?

கேள்வி: நான்கு வருடமாகச் சொந்தத் தொழில் செய்கிறேன். இப்போது நாளெல்லாம் விற்பனை நடந்தாலும் கையில் காசு நிற்பதில்லை. தினமும் காலையில் தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். மதியத்துக்குள் அந்த வேகம் போய்விடுகிறது. வேக்குவம் கிளீனர் செய்ய ஜேம்ஸ் டைசன் 5,126 முறை தோற்றும் விடவில்லையே, எனக்கு ஏன் அந்த விடாமுயற்சி இல்லை? வீட்டில் ஆதரவு உண்டு. மனைவிதான் கணக்கு எழுதிவந்தார். ஆறு மாதமாக அதையும் நானே பார்த்துக்கொள்கிறேன். மனம் தளராமல் இருக்க வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, மனைவியிடமிருந்து நோட்டை ஏன் வாங்கினீர்கள்? அவர் தப்பாக எழுதினார் என்று நீங்கள் சொல்லவில்லை. அவருக்கு நேரமில்லை என்றும் சொல்லவில்லை. அதில் இருப்பதை அவர் பார்க்கக் கூடாது என்றுதான் வாங்கியிருக்கிறீர்கள். இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு நிறைய வந்திருக்கிறது.

விற்பனை இருந்தும் காசு இல்லையென்றால் அது மனத் தளர்ச்சியால் வந்த கோளாறு இல்லை. சரக்கு கடனில் போய் வசூலாகாமல் நிற்கும். இல்லையென்றால் விற்காத சரக்கில் பணம் முடங்கியிருக்கும். அதுவும் இல்லையென்றால் கல்லாவிலிருந்தே வீட்டுச் செலவும் வட்டியும் போய்க்கொண்டிருக்கும். ஏட்டில் லாபம் காட்டும் தொழில்கூட வசூல் தாமதத்தால் மூடிப்போகும். யார் எவ்வளவு தரவேண்டும், எத்தனை நாளாகத் தரவில்லை என்று எழுதிவைத்து, நேரில் போய்க் கேட்கவேண்டும். காலையில் பேச்சு கேட்கும் நேரத்தில் இரண்டு பேரிடம் பாக்கி கேட்டிருக்கலாம்.

டைசன் கதையில் 5,126 என்ற எண் எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? மாதிரிகளை எண்ணிக்கொண்டே போனதால் வந்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்வார், என்ன ஆனது என்று பார்ப்பார், அப்புறம் அடுத்தது. 1979 முதல் 1984 வரை இதே வேலை. 5,127-வது சரியாக வந்தது. அந்த வருடங்களில் குடும்பத்தைத் தாங்கியது ஓவிய ஆசிரியையான அவர் மனைவியின் வருமானம். நீங்களோ தோல்வியை எண்ணவும் பயந்து, எண்ணிக்கொண்டிருந்தவரையும் எழுப்பி அனுப்பிவிட்டீர்கள். இதற்கு விடாமுயற்சி என்று பெயர் வைக்காதீர்கள்.

"வீட்டில் ஆதரவு உண்டு" என்கிறீர்களே, எதற்கு ஆதரவு தருகிறோம் என்று அவருக்குத் தெரியுமா? கடன் கழுத்தை நெரிக்கும்போது அவரும் சேர்ந்துதான் சுமக்கப்போகிறார். சுமக்கப்போகிறவருக்குக் கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டு. குடும்பம் நடத்துவது என்றால் எனக்கு இதுதான் அர்த்தம்; இதில் நான் யாருக்காகவும் இறங்கிவரமாட்டேன். அவர் கவலைப்படுவார் என்பீர்கள். படட்டும். ஆறு மாதமாக நீங்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதைப் பார்த்து ஏற்கெனவே கவலைப்பட்டுக்கொண்டுதான் இருப்பார்.

இன்று இரவே நோட்டை அவர் கையில் கொடுங்கள். எழுதாமல் விட்ட கைமாற்றுக் கடன் இருந்தால் அவர் முன்னாலேயே எழுதுங்கள். அவர் கேட்கும் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். மொத்தப் பாக்கி எவ்வளவு, மொத்தக் கடன் எவ்வளவு என்று இருவரும் கூட்டிப் பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள். தொழிலைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று அப்போது பேசலாம்.