காவிரி எந்த நிறம்?

கேள்வி: வாட்டர்கலர் பழகுகிறேன். தினமும் உட்கார நேரமில்லை. ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு கல்லணை போனோம். கூட்டம்தான் இருந்தது, வரையும்படி காட்சி எதுவும் அமையவில்லை. வீட்டுக்கு வந்து நினைவில் வரைந்த ஒரு படத்தை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: நீங்கள் தேடிப் போனது காலண்டர் படம். அது காலண்டரில்தான் இருக்கும்.

கூட்டத்தைக் குறை சொல்கிறீர்களே, அதில் உங்கள் வீட்டார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஒருவர் வாழை மட்டையில் விளக்கேற்றி ஆற்றில் விட்டிருப்பார். பையன் இழுத்த சப்பரத்துக்குச் சக்கரம் கழன்றிருக்கும். பாட்டி புளிசாதத் தூக்கைத் திறந்திருப்பார். பத்திரிகை ஓவியர் கோபுலு தஞ்சாவூர்க்காரர், கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். அவர் வரைந்த மனிதர்களைப் பாருங்கள், நிற்கிற நிலையிலேயே ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும். கூட்டத்தைப் பார்க்காமல் அந்தக் கோடு வராது.

சரி, ஆற்றையாவது பார்த்தீர்களா? உங்கள் படத்தில் காவிரி நீலமாக ஓடுகிறது! ஆடியில் வரும் புதுத் தண்ணீர் கலங்கல் பழுப்பாக, நுரையும் செத்தையும் சுமந்து வரும். யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சளில், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைத் துளி சேர்த்துப் பாருங்கள். நீலம், வானம் விழும் இடத்தில் ஒரு கீற்று போதும். வயலுக்கும் டியூப் பச்சையை அப்படியே பூசியிருக்கிறீர்கள். பிளாஸ்டிக் பாய் விரித்த மாதிரி இருக்கிறது. நாற்றங்காலில் மஞ்சள் தூக்கல், நட்டு வேர் பிடித்த பயிரில் நீலம் தூக்கல், கதிர் சாயும்போது வைக்கோல் நிறம். மஞ்சளையும் நீலத்தையும் நீங்களே கலந்து பழகினால் அப்புறம் அந்த டியூபைத் தொட மாட்டீர்கள்.

நேரமில்லை என்பதை நம்பமாட்டேன். ஒரு டம்ளரையும் அதன் நிழலையும் போட, பால் காய்கிற நேரம் போதும். தினமும் படமாக முடிய வேண்டும் என்று யார் சொன்னது?

வெளியே போனால் வண்ணப் பெட்டியைக் கடை பரப்பாதீர்கள். வீட்டாரைக் காக்க வைத்தால் அடுத்த முறை உங்களை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பென்சிலில் ஐந்து நிமிடக் கோடு, வெயில் எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி, ஓரத்தில் 'நிழல் ஊதா' என்பது போல ஒரு குறிப்பு. வண்ணத்தை அன்று இரவே போட்டுவிடுங்கள். செல்போன் படத்தை மட்டும் நம்பினால் பூவரச மர நிழல் வெறும் கருப்பாகத்தான் வரும்.

அடுத்த படத்தையும் அனுப்புங்கள். யானை மேல் கரிகாலன் மட்டும் வேண்டாம், அது எங்களிடம் கட்டுக்கட்டாக இருக்கிறது.