நாலே முக்காலுக்கு இருட்டிவிடும்: இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு சைக்கிள்

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில், ரெடிங்கில் வசிக்கிறோம். போன கோடையில் நானும் கணவரும் பதினோரு வயது மகளும் ஒரே நாளில் 25 மைல் வரை சைக்கிள் ஓட்டினோம். அக்டோபர் கடைசியில் பள்ளிப் பருவத்தின் நடுவே வரும் ஹாஃப் டெர்ம் லீவில், மரங்கள் நிறம் மாறி நிற்கும்போது, கிராமப்புறமாக ஒரு நாள் போய்வர ஆசை. அந்த மழையிலும் குளிரிலும் பிள்ளையை அழைத்துப் போகலாமா? எங்கே போவது? போன் மேப் காட்டும் வழியை நம்பலாமா? மூவரிடமும் இருப்பது சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான சாதாரண ஹைபிரிட் சைக்கிள். வழியில் பிளாக்பெரி பறிக்க முடியுமா என்றும் மகள் கேட்கச் சொன்னாள்.

பதில்: தாராளமாகப் போகலாம். மழையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், இருட்டைப் பற்றிக் கேட்கவில்லை. இந்தப் பருவத்தில் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இருட்டில்தான்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை கோடை நேரம் முடிந்து கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அதற்கு முந்தைய நாள் உங்கள் பக்கத்தில் மாலை ஐந்தே முக்கால் வாக்கில் மறைகிற சூரியன், மறுநாள் நாலே முக்காலுக்கே மறைந்துவிடும். உங்கள் ஹாஃப் டெர்ம் இந்த மாற்றத்தை ஒட்டித்தான் வரும். அதனால் முதலில் காலண்டரைப் பார்த்து, நீங்கள் போகும் நாள் மாற்றத்துக்கு முன்பா பின்பா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மரங்கள் சூழ்ந்த பாதையில் சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே பள்ளமும் கல்லும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

நான் கணக்குப் போடும் விதம் இது. மறைவு நாலே முக்கால் என்றால் மூன்றே முக்காலுக்குச் சைக்கிளை விட்டு இறங்கியிருக்க வேண்டும். காலை பத்தரைக்குத் தொடங்கினால் கையில் ஐந்தே கால் மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி, நின்று படம் எடுக்க, கழிப்பறை தேட, மூக்குச் சிந்த இன்னொரு மணி, பஞ்சருக்கென்று அரை மணி. மீதி இரண்டே முக்கால் மணி. ஈரமான மண்பாதையில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவே, பதினோரு வயதுப் பிள்ளையோடு மணிக்கு ஆறு மைல் போனால் நல்ல வேகம். ஆக 15, 16 மைல்தான் உச்சம். கோடையின் 25 மைலை மறந்துவிட்டுப் பத்து மைலுக்குத் திட்டம் போடுங்கள்.

அந்தப் பத்து மைலுக்கு உங்களுக்கு நான் சொல்லும் இடம் பிராட்ஃபோர்ட் ஆன் ஏவனிலிருந்து பாத் நகரம் வரை போகும் கால்வாய்க்கரை. உங்கள் ஊரில் தொடங்குகிற கென்னட் அண்ட் ஏவன் கால்வாயின் மறுகோடி அது. 1810-இல் வெட்டி முடித்து, ரயில் வந்த பிறகு மெல்ல மெல்லக் கைவிடப்பட்டு, தன்னார்வலர்கள் பல வருடம் பாடுபட்டுச் சீராக்கி 1990-இல் மறுபடி திறந்த கால்வாய். படகை இழுத்த குதிரைகள் நடந்த கரைதான் இன்றைக்கு நாம் ஓட்டும் பாதை. தேசிய சைக்கிள் வழிகளில் 4-ஆம் எண். நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் 4 என்று போட்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

பிராட்ஃபோர்டில் பதினாலாம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம் ஒன்று கால்வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பத்து நிமிடம் உள்ளே நின்று கூரை மரங்களை அண்ணாந்து பாருங்கள். அங்கிருந்து ஒன்றரை மைலில் ஏவன்கிளிஃப். ஆற்றுக்கு மேலே கால்வாயைத் தூக்கிக்கொண்டு போகும் தொட்டிப்பாலம் அங்கே இருக்கிறது, நடுவில் கொஞ்சம் தொய்ந்த மாதிரி தெரியும். இந்த இடத்தில் பாதை கரை மாறும். பாலத்துக்கு அடியில் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். பலர் இதைக் கவனிக்காமல் நேரே போய்விடுகிறார்கள். அடுத்து மூன்று மைல் மரம் அடர்ந்த பள்ளத்தாக்கின் சரிவிலேயே போகும். நீங்கள் தேடுகிற நிறமெல்லாம் இந்த மூன்று மைலில்தான். பிறகு டண்டஸ் தொட்டிப்பாலம், 1805-ஆம் ஆண்டுக் கட்டுமானம், இதில் தொய்வு எதுவும் இல்லை. அங்கிருந்து பாத் ஐந்து மைல்.

குடும்பத்துக்கு இந்த வழியை நான் சொல்ல அழகு மட்டும் காரணமில்லை. பிராட்ஃபோர்ட், ஏவன்கிளிஃப், ஃப்ரெஷ்ஃபோர்ட், பாத் நான்கும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. மழை வலுத்தாலோ பிள்ளை அழுதாலோ பாதியில் ரயில் ஏறிவிடலாம். ஏவன்கிளிஃப் ஒரு குட்டி நிலையம், பஸ்ஸை நிறுத்துவது போலக் கை காட்டினால்தான் வண்டி நிற்கும். போகும்போது பாத்தில் மாறி பிராட்ஃபோர்ட் போய்விட்டு, பாத்தில் முடித்தால் ரெடிங்குக்கு நேர் ரயில் கிடைக்கும். நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் இடத்தை முன்பதிவு செய்ய வேண்டும். இடங்கள் மிகக் குறைவு, மூன்று சைக்கிள் சேர்ந்தாற்போல் கிடைப்பது லீவு வாரத்தில் கஷ்டம். கிடைக்கவில்லையென்றால் பிராட்ஃபோர்டில் வாடகைக்கு எடுத்து, டண்டஸ் வரை போய் அதே வழியில் திரும்புங்கள். அதுவும் கிட்டத்தட்ட பத்து மைல்தான்.

இனி இலை. பார்க்க அழகு, டயருக்கு எதிரி. இலை காரணமாக ரயில் தாமதம் என்று அறிவித்தால் இங்கிலாந்துக்காரர்களே கேலி செய்வார்கள். ஆனால் அதில் பொய்யில்லை. சக்கரத்தில் நசுங்கிய இலை தண்டவாளத்தின்மேல் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்கிறது, வண்டிக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. பாதையிலும் இதே கதைதான். காய்ந்து சரசரக்கும் இலையைவிட, நாலைந்து நாள் மழையில் ஊறிக் கூழாகி, பார்ப்பதற்கு வெறும் பழுப்புத் தரை போலக் கிடப்பதுதான் ஆபத்து. அதன்மேல் நேராகப் போனால் ஒன்றும் ஆகாது. வண்டியைச் சாய்த்தாலோ முன் பிரேக்கை அழுத்தினாலோ சறுக்கும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல் உருண்டு போங்கள். மகளுக்கு இதை வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்கில் ஒருதரம் பழக்கிவிடுங்கள். இலைக் குவியலைப் பார்த்ததும் அதற்குள் புகுந்து ஓட்டத்தான் பிள்ளைகளுக்குத் தோன்றும். அடியில் பள்ளமோ வேரோ கருங்கல்லோ இருப்பது தெரியாது. கால்வாய்க்கரையில் தண்ணீர்ப் பக்கம் நீங்கள், உள்பக்கம் அவள். பாதை ஒடுங்கும் இடத்தில் ஒருவர் பின் ஒருவராக, பெரியவர் ஒருவர் முன்னால். நடப்பவர்களுக்குத்தான் அங்கே முதல் உரிமை, தூரத்திலேயே மணியடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பாலங்களுக்கு அடியில் குருட்டு வளைவு இருக்கும், அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல், வழக்கத்தைவிட ஐந்து, பத்து பிஎஸ்ஐ (பம்பில் காட்டும் காற்றழுத்த அளவு) குறைவாக. தரையில் அதிகம் படியும், பிடிமானமும் கூடும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் ஈரத்தில் முதல் சுற்று பிடிக்காது, தண்ணீரை வழித்துவிட்டுத்தான் பிடிக்கும். இறக்கத்தில் முன்கூட்டியே லேசாகத் தொட்டுத் தொட்டு வாருங்கள்.

அடுத்தது முள். கோடையில் ஒரு பஞ்சர்கூட ஆகாமல் ஓட்டியவர்கள் அக்டோபரில் ஒரே நாளில் இரண்டு வாங்குவார்கள், ஏனென்று புரியாது. இங்கே வயல்களுக்கும் சந்துச் சாலைகளுக்கும் இருபுறமும் ஹாதார்ன், பிளாக்தார்ன் என்கிற முள்மரங்களால் ஆன உயிர்வேலி. பறவைகள் கூடு கட்டும் காலமென்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாயிகள் வேலியை வெட்டக் கூடாது. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் வெட்டுக்கருவியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அது கிளையை நறுக்குவதில்லை, சிதைத்துத் தெறிக்க விடுகிறது. முள்ளெல்லாம் சாலையில். புதிதாக வெட்டிய வேலியைப் பார்த்தால், நுனியெல்லாம் வெள்ளையாகப் பிய்ந்து நிற்கும், அந்த இடத்தைத் தாண்டும்வரை இறங்கி நடப்பதுகூடத் தவறில்லை. சாலையின் ஓரத்தைவிட நடுப்பகுதியில் முள் குறைவு.

ஒரு நவம்பர் மாலை நான் டியூபை மாற்றி, காற்றடித்து, ஐம்பது அடி போவதற்குள் மறுபடி டயர் தரை தட்டியது. இரண்டாவது டியூபும் போனது. வெளிச்சமும் போய்விட்டது. பிறகுதான் விரலால் தடவிப் பார்த்தேன், அரை சென்டிமீட்டர் முள் ஒன்று டயருக்குள்ளே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள், முள் இருந்தால் துணியின் நூல் சிக்கும். கையில் இரண்டு டியூப், டயர் நெம்பி, பம்ப் கட்டாயம். மகளின் சக்கர அளவு வேறு என்றால் அவளுக்குத் தனி டியூப். டயர் மாற்றும் உத்தேசம் இருந்தால் பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதாக வாங்குங்கள். எடை கூடும், பரவாயில்லை.

நிலையத்திலிருந்து கால்வாய்க்குப் போக, சாப்பாட்டுக்குத் திரும்ப என்று சாலையிலும் கொஞ்சம் ஓட்ட நேரும். ஓரத்தை ஒட்டியே போகாதீர்கள், குறைந்தது அரை மீட்டர் தள்ளியிருங்கள், குறுகலான சாலையில் உங்கள் தடத்தின் நடுவிலேயே போகலாம். 2022-இல் திருத்திய நெடுஞ்சாலை விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. இந்தப் பருவத்தில் சூரியன் பகல் முழுக்கத் தாழ்வாகவே இருக்கும். உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீண்டு விழுந்தால், எதிரே வருகிறவரின் கண்ணில் வெயில் அடிக்கிறது, அவருக்கு நீங்கள் தெரியாமல் போகலாம் என்று அர்த்தம். நிழல் பின்னால் விழுந்தால் பின்னால் வருகிறவருக்கு அதே சிக்கல். அதனால் பகலிலேயே விளக்கைப் போட்டுவிடுங்கள். சூரியன் மறைந்த பிறகு முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, சிவப்புப் பிரதிபலிப்பான், பெடலில் மஞ்சள் பிரதிபலிப்பான்கள் எல்லாம் சட்டப்படி கட்டாயம். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் வழவழக்கும் இலையைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

சரி, போன் மேப். தார்ச் சாலைக்கு நம்பலாம், மண்பாதைக்கு நம்பாதீர்கள். இங்கிலாந்தில் மஞ்சள் அம்புக்குறி போட்ட பாதை நடப்பவர்களுக்கு மட்டும், அங்கே சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. நீல அம்பு பிரைடில்வே, அதாவது குதிரைப் பாதை. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் சைக்கிளுக்கும் உரிமை உண்டு, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். மேப்பில் இந்த வித்தியாசம் எப்போதும் சரியாகத் தெரியாது. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை எக்ஸ்புளோரர் வரைபடத்தில் பச்சைக் குட்டைக்கோடு நடைபாதை, பச்சை நீளக்கோடு பிரைடில்வே. உரிமை இருக்கிறதென்று அக்டோபர் கடைசியில் பிரைடில்வேயில் இறங்கிவிடாதீர்கள். குதிரைக் குளம்பு கிளறிய களிமண் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துச் சக்கரமே சுற்றாது. சுண்ணாம்புப் பாறைப் பாதையோ மழையில் சோப்புதான்.

உடையில் பெரிய மர்மமில்லை. பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் கூடவே கூடாது, நனைந்தால் காயாது. மெல்லியதாக மூன்று அடுக்கு, மேலே மழை ஜாக்கெட். முழு விரல் கையுறை, பிளாஸ்டிக் பையில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ். ஓட்டும்போது குளிராது, நின்றால்தான் குளிரும். அதனால் பஞ்சர் பார்க்கும் நேரத்துக்கென்று பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை தனியாக. பிளாஸ்கில் டீ. பப்பில் சாப்பிடுவதானால் மதியம் இரண்டு, இரண்டரைக்கே பல இடங்களில் சமையலறையை மூடிவிடுவார்கள், ஒரு மணிக்குள் போய் உட்காருங்கள்.

இரண்டு நாள் தங்க முடியுமென்றால் தெற்கே நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குப் போங்கள், பிராக்கன்ஹர்ஸ்ட் நிலையத்தில் இறங்கினால் காடு பக்கத்திலேயே. ஓக் கொட்டைகளைத் தின்ன ஊர்ப் பன்றிகளை அவிழ்த்துவிடும் பருவம் அது. பச்சைக் கொட்டை குதிரைக்கு விஷம், பன்றிக்கு ஒன்றும் செய்யாது, அதனால் நூற்றாண்டுகளாக இந்த ஏற்பாடு. எண் போட்ட சரளைப் பாதைகளில் மட்டும்தான் அங்கே சைக்கிளுக்கு அனுமதி. புல்லில் உட்கார்ந்தால் உண்ணி ஏறியிருக்கிறதா என்று அன்றிரவே பிள்ளையின் காலைப் பார்த்துவிடுங்கள். வடக்கே பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியின் மான்சல் டிரெயிலும் நல்லது. 1968-இல் மூடிய ரயில் பாதை, எட்டரை மைல், 2011-இல் திறந்த நீளமான சுரங்கங்கள் உண்டு. ஆனால் ரெடிங்கிலிருந்து ஒரு நாளில் போய்வருவது வீண் அலைச்சல்.

கடைசியாக மகளின் கேள்வி. அக்டோபர் கடைசியில் பிளாக்பெரி அநேகமாக முடிந்திருக்கும், இருப்பதும் நீர்த்துப்போய்ப் பூஞ்சை பிடித்திருக்கும். பழைய மைக்கேல்மஸ் (புனித மைக்கேல் திருநாள்) நாளான அக்டோபர் 10-க்குப் பிறகு பிசாசு அதன்மேல் துப்பிவிடும், பறிக்காதே என்று கிராமத்தில் சொல்வார்கள். அதற்குப் பதில் செஸ்ட்நட் பொறுக்கச் சொல்லுங்கள், ஆனால் இரண்டு வகை உண்டு. காயின் தோடு முழுக்க முள்ளம்பன்றி மாதிரி மெல்லிய முள் நெருக்கமாக இருந்தால் அது ஸ்வீட் செஸ்ட்நட், வறுத்துத் தின்னலாம். தடித்த முள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ஹார்ஸ் செஸ்ட்நட், பையன்கள் நூலில் கட்டி மோதவிடும் காங்கர் அது, தின்றால் விஷம். இலையும் காட்டிக்கொடுக்கும்: ஸ்வீட் செஸ்ட்நட்டுக்கு ரம்பப் பல் வைத்த நீளமான ஒற்றை இலை, மற்றதற்கு விரித்த கை மாதிரி. சந்தேகம் இருந்தால் வாயில் வைக்க வேண்டாம். ஸ்வீட் செஸ்ட்நட்டின் தோட்டை வெறும் கையால் தொட முடியாது, ஷூவால் மிதித்துப் பிளந்து, மேலே சொன்ன அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள்.